எண்ணெய் படிந்த சதுப்பு நிலம் மீண்ட கதை: அமோக்கோ காடிஸ், 1978

1978 மார்ச் 16. பாரசீக வளைகுடாவிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்த ‘அமோக்கோ காடிஸ்’ எண்ணெய்க் கப்பலின் சுக்கான் பழுதானது. புயற்காற்று வேறு. இழுவைக் கப்பல் வந்தும் பயனில்லை. அன்றிரவே பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிக் கரையோரப் பாறைகளில் கப்பல் மோதியது. அது சுமந்து வந்த கச்சா எண்ணெய், சுமார் 220,000 டன், கடலில் கலந்தது.

பாறையில் படிந்த எண்ணெயை அலை அடித்துக் கழுவிவிடும். உவர்ச்சதுப்பு நிலம் அப்படியில்லை. கடல் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் சேற்று நிலம் அது. அலையின் வேகம் குறைவு என்பதால்தான் அங்கே சேறு படிகிறது. அதே காரணத்தால் எண்ணெயும் தங்கிவிடுகிறது. ஈல் கிராந்த் தீவை ஒட்டிய சதுப்பு நிலம் இப்படித்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

“எண்ணெயை அள்ளி எடுத்துவிட வேண்டியதுதானே?” என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கேயும் அதைத்தான் செய்தார்கள். கனரக இயந்திரங்கள் இறங்கின. சில இடங்களில் அரை மீட்டர் ஆழம்வரை சேற்றையும் சேர்த்து அள்ளினார்கள். எண்ணெய் போனது, கூடவே வேர்களும் விதைகளும் போயின. அதைவிடப் பெரிய சிக்கல், நிலமட்டம் தாழ்ந்துபோனது. சதுப்புச் செடி ஒவ்வொன்றும் தனக்கேற்ற உயரத்தில்தான் வளரும். மட்டம் தாழ்ந்தால் நீரில் மூழ்கியிருக்கும் நேரம் கூடும். பழைய செடி அங்கே பிழைக்காது.

அதே கரையில் காந்தெல் என்ற சதுப்பு நிலத்திலும் எண்ணெய் படிந்தது. ஆனால் அதை யாரும் தோண்டவில்லை. எட்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள் கண்டது இதுதான்: காந்தெல் ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டுவிட்டது, ஈல் கிராந்துக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் அமெரிக்க ஆய்வாளர்கள் வந்து, செடிகளை நட்டு, உரமிட்டு உதவிய பிறகு!

இயற்கை எப்படி மீட்கிறது? ஏற்ற இறக்க நீர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுகிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. மண்ணுக்குள் உயிரோடிருக்கும் வேர்கள் மீண்டும் துளிர்க்கின்றன. துளிர்த்த செடிகள் புதுச் சேற்றைப் பிடித்துவைக்கின்றன.

அப்படியானால் எப்போதும் சும்மா விட்டுவிடலாமா? முடியாது. 1969-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் ஃபால்மத் அருகே ஒரு படகிலிருந்து டீசல் போன்ற எரிபொருள் கசிந்தது. பிராணவாயு எட்டாத ஆழ்சேற்றில் நுண்ணுயிர்களின் வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். 30 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே சேற்றுக்கடியில் எண்ணெய் இருந்தது. மேலே புல் பச்சையாகத் தெரிந்தாலே நிலம் குணமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

காரணம்–விளைவு வினாவுக்கு விடை எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈல் கிராந்தின் அழிவுக்குக் கப்பல் விபத்து முதற்காரணம். மீட்சி தாமதமானதற்கோ, விபத்துக்குப் பின் மனிதர்கள் அவசரத்தில் எடுத்த முடிவும் ஒரு காரணம். இந்த இரண்டையும் பிரித்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.