மூன்றடி உயரத்தில் ஒரு நந்தவனம்

சரித்திரம் எழுதியவர்கள் எல்லோருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவர்கள் ஏறத்தாழ ஐந்தரை அடி உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தவர்கள். மன்னர்களைப் பற்றி எழுதினாலும் சரி, மக்களைப் பற்றி எழுதினாலும் சரி, கண் நிற்கிற இடம் அதுதான். அதற்குக் கீழே, மூன்றடி உயரத்தில், இன்னொரு கூட்டமும் அதே தெருக்களில் நடந்திருக்கிறது; அதே கோயிலுக்குள் போயிருக்கிறது; அதே பூச்செடிகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதும் வயது வந்தபோது அதுவும் ஐந்தரை அடிக்கு வளர்ந்துவிட்டது!

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். மலை ஒரு பக்கம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி எழுப்பிய 217 அடி ராஜகோபுரம் ஒரு பக்கம். கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு, பதினொரு நிலைகளையும் எண்ணிவிட்டு உள்ளே போகிறோம். நம் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற நான்கு வயதுக் குழந்தைக்கு இவை இரண்டும் பெரிய விஷயம் அல்ல. அதற்குத் தெரிவது வாசற்படியின் உயரம். எதிரே வருகிறவர்களின் முழங்கால். தரையில் உட்கார்ந்திருக்கும் பூக்காரியின் கூடை. அந்தக் கூடைக்குள் ஈர வாழைநார் சுருண்டு கிடப்பதை நாம் குனிந்தால்தான் பார்க்க முடியும். குழந்தைக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை.

நந்தவனமும் அப்படித்தான். நமக்கு நந்தவனம் என்றால் மேலே பூத்திருக்கும் பூ. அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி என்று பூக்குடலையில் பறித்துப் போட்டால் நம் தோட்டம் முடிந்துவிட்டது. குழந்தையின் தோட்டம் அதற்குக் கீழேதான் ஆரம்பமாகிறது. தண்டுகள் தூண்களாக நிற்கின்றன. இலைகளின் அடிப்பக்கம் கூரையாகிறது. எறும்புகளுக்கு ஒரு ராஜபாட்டை இருக்கிறது. தண்ணீர் பாயும் வாய்க்கால் காவேரி ஆகிவிடுகிறது.

இப்படி அடியிலிருந்து பார்க்கப்பட்ட ஒரு நந்தவனம் திருவண்ணாமலைக் கோயிலிலேயே இருந்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமன் மதுரையில் தம் சிற்றப்பா வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது பதினாறு. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தால் ஊர்ப் பிள்ளைகள் கல்லை விட்டு எறிந்தார்கள். அதற்குத் தப்பிப் பாதாளலிங்கக் குகைக்குள் இறங்கினார். அங்கிருந்து பிறர் தூக்கிக்கொண்டு வந்த பிறகு சுப்பிரமணியர் சந்நிதியில் சில நாள். அப்புறம் பக்கத்திலிருந்த நந்தவனம். அங்கே அரளிச் செடிகள் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வளர்ந்திருந்தன என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஒரு செடியின் அடியில் உட்காருவார்; கண் விழித்துப் பார்த்தால் வேறொரு செடியின் அடியில் இருப்பார். எப்படி வந்தோம் என்பது அவருக்கே தெரியாது.

பதினாறு வயதுப் பையனைக் குழந்தை என்று சொல்லலாமா என்று கேட்கலாம். பன்னிரண்டு அடிச் செடிக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவன் எந்த வயதினனானாலும் குழந்தையின் உயரத்தில்தான் இருக்கிறான். அவனைப் பெற்றவளுக்கோ சந்தேகமே கிடையாது.

அந்தப் பெற்றவளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அழகம்மாள் கணவரை 1892-இல் இழந்தவர். நான்கு வருஷத்தில் இந்தப் பிள்ளையும் காணாமற் போனான். இன்று ஒரு பையனைக் காணவில்லை என்றால் முதலில் எதைத் தேடுவோம்? அவனுடைய போட்டோவை. வேங்கடராமனின் பிள்ளைப் பிராயப் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று காணக் கிடைக்கிற மிகப் பழைய படம் அவர் இருபது வயதைக் கடந்த பிறகு திருவண்ணாமலையில் எடுத்தது. ஆகவே, வாய்ச் செய்தியை நம்பித்தான் குடும்பம் தேடியது. பையன் திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொல்ல, மைத்துனர் நெல்லையப்பய்யர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அழகம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. தாமே ஒரு தடவை போனார். அங்கே, அதே வயது, அதே உயரம், அதே மாதிரித் தலைமயிரோடு ஒரு பையன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்விட்டானாம். அவன்தான் தம் பிள்ளை என்று அந்தத் தாய் நிச்சயமாக நம்பினார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இப்படி ஒரு காட்சியை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. முகத்தைப் பார்க்காமல், உயரத்தையும் தலைமயிரையும் வைத்தே பிள்ளை என்று தீர்மானித்துவிட்ட தாய்! பெற்றவர்கள் மனத்தில் வைத்திருக்கும் படம் அத்தனை தெளிவானது. அதே சமயம் அத்தனை ஏமாற்றுவதும்கூட. ஏனென்றால், அந்தப் படத்தில் இருப்பது நாம் பார்த்த பிள்ளை. பிள்ளை எதைப் பார்த்தான் என்பது அதில் இல்லை. பிறகு 1898 டிசம்பரில், பவழக்குன்றில், அழுக்கும் சடையுமாக இருந்த மகனை அழகம்மாள் நேரில் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வா என்று பல நாள் கெஞ்சினார். அவர் பேசவே இல்லை. ஒரு காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். தாய் திரும்பிப் போனார்.

இனிக் காமிராவின் கதைக்கு வருவோம். மனத்திலிருக்கும் படத்தைக் காகிதத்தில் இறக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்த கருவி அது. ஆனால் வந்த நாளிலிருந்தே அது குழந்தைகளுக்கு ஆகாத கருவியாக இருந்தது. பிரான்ஸில் டாகேரின் முறை 1839-இல் வெளியாயிற்று. சென்னையில் 1856-லேயே ஒரு புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தார். மெழுகு தடவிய காகிதத்தில் நெடுநேரம் வெளிச்சம் விழ வேண்டும். கல் அசையாது, ஆகையால் கோயில்கள் அற்புதமாக விழுந்தன. பிராகாரத்தில் ஓடுகிற குழந்தை அந்தக் காகிதத்தில் ஒரு புகைத்திட்டாகக்கூடப் பதிந்திராது.

சீமையில் அக்காலத்தில் குழந்தையைப் படமெடுக்க ஒரு தந்திரம் செய்தார்கள். தாயை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையோடு கால் துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். படத்தில் குழந்தை ஏதோ திரை போட்ட ஆசனத்தில் இருப்பது போலத் தெரியும். குழந்தை அசையாமல் இருப்பதற்காகத் தாய் காணாமற்போன படங்கள் அவை.

நம் ஊர் ஸ்டூடியோக்களின் கதை தெரிந்ததே. குழந்தைக்குப் பூத் தைத்து, பின்னல் தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, ஸ்டூலில் நிறுத்துவார்கள். அதற்கும் பின்னால் ஒரு திரை. அதில் நீரூற்றும், படிக்கட்டும், பூச்செடிகளுமாக ஒரு தோட்டம் எழுதியிருக்கும். ‘இங்கே பார்’ என்று போட்டோக்காரர் கையைத் தட்டுவார். தோட்டம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால்! நம் வீட்டு ஆல்பங்களில் உள்ள படங்களில் பாதி இப்படிப்பட்டவை. குழந்தை தோட்டத்தில் இருக்கிறது. ஆனால் தோட்டத்தைப் பார்க்க அதற்கு அனுமதி இல்லை.

இந்த நிலைமையை ஒரு மலிவு விலைப் பெட்டி தற்செயலாக மாற்றியது. 1900-ஆம் ஆண்டு கோடக் கம்பெனி ‘பிரவுனி’ என்ற காமிராவை ஒரு டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழந்தைகளே படமெடுக்கலாம் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். கண்ணில் வைத்துப் பார்க்கிற காமிரா அல்ல அது. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து குறி பார்க்க வேண்டும். ஆகவே, அதைப் பிடித்திருக்கும் தகப்பனார் எவ்வளவு உயரமானவராக இருந்தாலும் லென்ஸ் இருக்கிற இடம் ஏறக்குறைய மூன்றடி. நான்கு வயதுக் குழந்தையின் கண் இருக்கிற இடம். இதைத் திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. ஆனாலும் சில தலைமுறைகள் குழந்தையின் உயரத்திலிருந்து படம் எடுத்தன. பழைய பெட்டிக் காமிராப் படங்களில் புல்லும் செடியும் அத்தனை பெரிதாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

குழந்தையே படமெடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. பிரான்ஸில் 1894-இல் பிறந்த ழாக் ஆன்ரி லார்ட்டிக் என்ற பையனுக்கு ஏழெட்டு வயதில் தகப்பனார் காமிரா கொடுத்தார். பையன் 1905-இல் தன் அறையிலிருந்த பொம்மைக் கார்களைப் படம் பிடித்தபோது, காமிராவைத் தரையிலேயே வைத்துவிட்டான். பொம்மைக் கார்கள் நிஜக் கார்களைப் போல வரிசை கட்டி நிற்கின்றன. கணப்படுப்பு ஒரு மாளிகை வாசலாகிவிட்டது. நியூயார்க்கில் 1963-இல் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தபோதுதான் உலகம் அவரைக் கவனித்தது. அதற்குள் பையனுக்கு வயது அறுபத்தொன்பது!

1925-இல் லைக்கா காமிரா சந்தைக்கு வந்தது. காமிரா கண்ணுக்கு ஏறிவிட்டது. பெரியவர்களின் பார்வை மறுபடியும் ஐந்தரை அடிக்குப் போய்விட்டது. அந்தக் காமிராவின் மகா நிபுணரான கார்த்தியே பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்தார். அரளிச் செடியடியில் கிடந்த பையனை எடுக்க ஒரு காமிராவும் இல்லை; ரிஷியை எடுக்க உலகத்தின் தலைசிறந்த காமிரா வந்தது. சரித்திரத்தின் வழக்கம் அது.

சென்ற வருஷம் என் ஐந்து வயது மகளை ரமணாசிரமத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வெளியே மரநிழலில் கைப்பேசியை அவளிடம் கொடுத்து, ‘நீ பார்ப்பதை எடு’ என்றேன். இலுப்பை மரத்தை எடுத்தாள்: வேர் மட்டும் இருந்தது. மயிலை எடுத்தாள்: இரண்டு கால்களும் கொஞ்சம் கழுத்தும்.

“தோகை எங்கேம்மா?” என்றேன்.

“தோகை பின்னாடி இருக்குப்பா. மயில் எனக்கு எதிர்ல இல்ல வந்துச்சு!”

அந்த ஆசிரமத்தில் பசு லக்ஷ்மிக்கும், ஒரு மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதிகள் உண்டு. தாழ்வான மேடைகள். பெரியவர்கள் பலர் பேசிக்கொண்டே கடந்து போகிறார்கள். அவளோ ஒவ்வொன்றாக நின்று, “இதுல யாரு தூங்கறா?” என்று கேட்டுக்கொண்டே எடுத்தாள். அவளுடைய கண்ணுக்கு நேராக இருந்தவை அவைதாம்.

காமிரா இல்லாமலே இந்தக் காரியத்தைச் செய்த ஒரு வீடு தமிழ்நாட்டில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டியவர் பெரியாழ்வார். துளசிச் செடியின் அடியில் அவர் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது மரபு. அவர் யசோதையாக நின்று குழந்தைக் கண்ணனைப் பாடினார். அது பெற்றவரின் உயரம். அவர் வளர்த்த ஆண்டாள், மணலில் சிற்றில் கட்டுகிற சிறுமியாக உட்கார்ந்து, ‘எங்கள் வீட்டைக் கலைக்காதே’ என்கிற பொருளில் பத்துப் பாட்டுப் பாடினாள். அது தரையின் உயரம். ஒரே வீட்டில் இரண்டு பார்வையும் பாட்டாகி, இரண்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

அழகம்மாள் 1916-இல் மகனிடமே வந்து தங்கிவிட்டார். 1922 மே 19-இல் காலமானபோது மலையின் தென்புறத்து அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மகன் மலையிலிருந்து இறங்கி அந்த இடத்துக்கே வந்துவிட்டார். இன்று நாம் பார்க்கிற ஆசிரமமும் மயில் உலவும் தோட்டமும் அந்தச் சமாதியைச் சுற்றி உண்டானவை. பிள்ளையின் முகம் தெரியாமல் முதுகைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தாய், கடைசியில் பிள்ளை இருந்த இடத்திலேயே, அவன் உட்கார்ந்த மண்ணிலேயே வந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளைத் தோட்டத்தில் நிறுத்திப் படமெடுப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தப் படங்களும் வேண்டியவைதாம். இல்லாத குறை எப்படிப்பட்டதென்று அழகம்மாளைக் கேட்டால் தெரியும். ஆனால் பத்துப் படத்துக்கு ஒன்று பிள்ளை எடுத்ததாக இருக்கட்டும். பாதி மயிலாக இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். அடுத்த தடவை ஏதாவது ஒரு நந்தவனத்துக்குப் போகும்போது, பூப்பறிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் வலிக்கும், பாதகமில்லை.