ஊர் திரும்ப வழி செய்த ஓவியங்கள்

முதுமையில் மனிதன் வேண்டுவது யாது? உணவும் மருந்தும் வேண்டுவனவே. ஆயினும், வாழ்ந்த மண்ணில், பெற்ற மக்கள் நடுவே, தம் சொல்லுக்கு மதிப்புள்ள இடத்தில் எஞ்சிய நாட்களைக் கழிக்க வேண்டும் என்பதே முதியோர் பலரின் பெருவிருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்றுதற்கு ஓவியங்களைத் தூதாக அனுப்பிய மக்கள் அவுஸ்திரேலியாவில் உளர்.

அக்கண்டத்தின் மேற்குப் பாலைவனம் பின்துப்பி என்னும் ஆதிக்குடிகளின் தாயகம். நீர்ச்சுனைகளின் இருப்பிடம் அறிந்து, பருவத்துக்கேற்ப இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களுட் பலர் தம் நிலத்தை விட்டுக் கிழக்கே பப்புன்யா என்னும் அரசுக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே 1971ஆம் ஆண்டில், ஜெப்ரி பார்டன் என்ற பாடசாலை ஆசிரியரின் ஊக்கத்தினால், பல குடிகளையும் சேர்ந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையைத் தீட்டினர். மணலிலும் உடலிலும் காலங்காலமாக வரைந்து வந்த கோலங்கள் பலகைக்கும் துணிக்கும் ஏறின. அடுத்த ஆண்டில் ஓவியர்களுக்கே உரிய பப்புன்யா துலா என்னும் நிறுவனம் தோன்றியது.

இவ்வோவியங்கள் வெறும் அலங்காரம் அல்ல. வட்டத்துள் வட்டம் ஒரு சுனையையோ தங்குமிடத்தையோ குறிக்கலாம். வட்டங்களை இணைக்கும் கோடு மூதாதையர் நடந்த வழியாகலாம். எந்தக் கதையை எவர் தீட்டலாம் என்பது பிறப்பாலும் உறவாலும் வரும் உரிமை. அந்த அறிவைக் காத்து இளையோருக்கு அளிப்பவர்கள் முதியோரே.

1981ஆம் ஆண்டளவில் பின்துப்பி மக்கள் தம் தாயகத்துக்கு மீண்டு, கின்ரோர் என்னும் ஊரை அமைத்தனர். பின்னர் அதற்கும் மேற்கே கிவிர்க்குரா எழுந்தது. மீண்ட மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிறுநீரக நோய் பலரைப் பற்றியது. செயலிழந்த சிறுநீரகத்துக்கு ஈடாக இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பல மணி நேரம். அந்த இயந்திரமோ 500 கிலோமீற்றருக்கு அப்பால் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இருந்தது. உயிர் வேண்டின் ஊரைத் துறக்க வேண்டும். ஊர் வேண்டின் உயிரைத் துறக்க வேண்டும். நகருக்குச் சென்ற பெரியவர்கள் உறவினரைப் பிரிந்து வாடினர். ஊரிலே சடங்குகளை நடத்தவும் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் வேண்டியவர்கள் இல்லாமற் போயினர்.

பாலைவன ஊர்களில் அத்தகைய சிகிச்சை நிலையத்தை அமைக்க அக்காலத்து அரசு முன்வரவில்லை. எனவே மக்கள் தூரிகையை எடுத்தனர். இரண்டு ஊர்களின் ஆண்களும் பெண்களும் கூடிப் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். 2000ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவை ஏலத்துக்கு வந்தன. சேர்ந்த தொகை 10 இலட்சம் டொலருக்கும் மேலாகும்.

அப்பணம் ஒரு நிறுவனத்துக்கு வித்தாயிற்று. பின்துப்பி மொழியில் அதன் பெயர், 'எம் குடும்பத்தார் அனைவரையும் நலமுறச் செய்தல்' என்று பொருள்படும். 2004ஆம் ஆண்டில் கின்ரோரிலேயே சிகிச்சை தொடங்கியது. நகரிலே அந்நிறுவனத்தின் இருப்பிடம் ஊதா இல்லம் எனப் பெயர் பெற்றது. 2011ஆம் ஆண்டு முதல் இயந்திரங்களைச் சுமந்த வாகனமொன்றும் ஊர்களுக்குச் செல்லலாயிற்று. 2018ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அரசு, தொலைதூர ஊர்களில் நடைபெறும் இச்சிகிச்சைக்குத் தன் பொது மருத்துவக் காப்புத் திட்டத்தின் வழியே பணம் வழங்க இசைந்தது. ஒருகாலத்தில் இயலாதெனப்பட்டது, பின்னர் அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

முதியோருக்காகப் பரிந்து பேசுவோர் முதலில் அவர்களின் சொல்லைக் கேட்டல் வேண்டும். பின்துப்பிப் பெரியவர்கள் தம் சொல்லைத் தாமே தீட்டினர். தம் நிலத்துச் சுனைகளையும் வழிகளையும் வரைந்தனர். அவற்றை விற்ற பணத்தினால் அந்தச் சுனைகளுக்கும் வழிகளுக்கும் அருகே வாழும் உரிமையைப் பெற்றனர். ஓவியம் உரைத்ததும் அவர்கள் வேண்டியதும் ஒன்றே: இது எம் நிலம், எம் முதுமைக்கும் இதுவே இடம்.