ஊர் ஒட்டாத உத்தியோகம்: இங்கிலாந்தின் கலால்காரர்களைப் பதிவேடுகளில் தேடுதல்

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் வழக்கமாகப் பங்குக் கோயிலிலிருந்துதான் தொடங்குவார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று பதிவேடுகளைப் புரட்டினாலே தச்சரோ கொல்லரோ குத்தகை விவசாயியோ மூன்று நான்கு தலைமுறைக்கு ஒரே வட்டாரத்துக்குள் அகப்பட்டுவிடுவார்கள். மூதாதை கலால்காரராக இருந்துவிட்டால் இந்த வழி பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். கல்யாணம் ஓர் ஊரில் பதிவாகியிருக்கிறது. மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் அறுபது மைல் தள்ளி வேறோர் ஊரில். அடுத்த பிள்ளை எங்கே பிறந்தது என்றே தெரியவில்லை. பதிவேடு தொலைந்துபோயிற்று என்று தேடுகிறவர் முடிவுகட்டிவிடுகிறார். பெரும்பாலும் பதிவேடு பத்திரமாகத்தான் இருக்கும். குடும்பம்தான் இடம் மாறிப் போயிருக்கும்.

கலால்காரரை வம்சத்தின் வழியே தேடுவதைவிட அவர் வகித்த பணியிடத்தின் வழியே தேடுவதுதான் பலன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த சிக்கல் வருகிறது. அந்த வழியில் கிடைக்கும் ஆவணங்கள், ஒரு மனிதரைப் பற்றி வேலை கொடுத்தவர்கள் எழுதிவைத்தவை. அவற்றைக் குடும்பக் கதையாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் சொல்லைப் பற்றி. ‘கலால்’ என்றதும் நமக்குச் சாராயமும் மதுக்கடையும்தான் நினைவுக்கு வரும். வடக்கே சாராயம் காய்ச்சுகிறவரைக் குறித்த சொல் அது. வாடை இன்னும் போகவில்லை. இங்கிலாந்தின் கலால் அவ்வளவு குறுகியதல்ல. 1643இல் உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்ட நாடாளுமன்றம் விதித்த இந்த வரி, பின்னாளில் பீர், முளைகட்டிய பார்லி, தேயிலை, உப்பு, தோல், சோப்பு, மெழுகுவர்த்தி, கண்ணாடி, காகிதம், செங்கல் வரைக்கும் நீண்டது. ஆகவே ‘என் முப்பாட்டனார் கலால்காரர்’ என்பவர் சாராய வேட்டைக்காரரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் பாதியை மெழுகுவர்த்திப் பட்டறைகளில் கழித்திருக்கக்கூடும். சுங்கத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுங்கம் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சரக்கின் மேல் வாங்குவது. 1909 வரை அது வேறு வாரியம். 1814இல் லண்டன் சுங்க மாளிகை எரிந்தபோது நாசமானவை சுங்கத்தின் ஆவணங்கள். கலால் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளோ 1695 தொடங்கி 1867 வரை கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘கஸ்ட் 47’ என்ற வரிசையில் இருக்கின்றன.

1683இல் வரிக் குத்தகை முறை ஒழிந்து, அரசே நேரடியாக வசூலிக்கத் தொடங்கியது. நாடு பல ‘கலெக்‌ஷன்’களாகவும், அவை மாவட்டங்களாகவும், மாவட்டங்கள் தனித்தனிச் சுற்றுகளாகவும் பிரிக்கப்பட்டன. கிராமப்புறச் சுற்றைக் குதிரையில் போய்ப் பார்க்க வேண்டும். நகரத்தில் நடையாகவே முடித்துவிடலாம். பார்லி முளைகட்டும் கொட்டிலில் தானியம் தொட்டியில் ஊறும்போது ஒரு முறை, வடிகட்டிக் குவித்தபின் ஒரு முறை, தரையில் பரப்பியபின் மறுபடியும் என்று அலுவலர் அளக்க வேண்டும். நீள அகலத்தையும் ஆழத்தையும் கோலால் எடுத்து, நழுவு அளவுகோலில் கணக்கிட்டு, தன் ஏட்டில் எழுதி, வியாபாரியின் இடத்திலேயே விட்டுவைக்கும் தாளிலும் அதே எண்ணைப் பதிய வேண்டும். பின்னால் மேற்பார்வையாளர் சொல்லாமல் வந்து அதே தொட்டியை அளந்து இரண்டையும் ஒப்பிடுவார். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசின் போர்ச் செலவுக்குப் பின்னால் இந்த அளவுகோல்காரர்கள் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜான் ப்ரூவர் 1989இல் விரிவாக வாதிட்டார். அவர் அரசைப் புரிந்துகொள்ளத் திரட்டிய சான்றுகள் மூதாதையைத் தேடுகிறவருக்கும் உதவும்.

அளக்கிறவர் அளக்கப்படுகிறவரோடு பழகிவிடக் கூடாது. சொந்த ஊரில் வேலை கொடுக்காததற்கும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இடம் மாற்றியதற்கும் அதுதான் காரணம். இந்த இடமாற்றம்தான் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக நிரம்பிக் கிடக்கிறது. ஒரு பதிவின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: இன்ன கலெக்‌ஷனில் இன்ன சுற்றின் அலுவலர் க இறந்துவிட்டார்; அவர் இடத்துக்கு வேறோர் ஊரிலுள்ள ச போகட்டும்; ச விட்டுச்செல்லும் இடத்துக்கு, நிலையான சுற்று இல்லாத உபரி அலுவலர் ட போகட்டும். ஒரு சாவு மூன்று குடும்பங்களின் விலாசத்தை மாற்றிவிடுகிறது. ட என்பவரைத் தேடுகிறவர் ட என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் பாதி செய்திதான் கையில் இருக்கும். க, ச இருவரின் இடங்களையும் சேர்த்துப் பிடித்தால்தான் சங்கிலி தொடரும். பணியிடத்தின் வழியே தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இம்முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் 1737இல் நார்ஃபோக்கின் தெட்ஃபர்டில் பிறந்தவர். 1762 டிசம்பரில் லிங்கன்ஷயரின் கிராந்தமில் உபரி அலுவலர். 1764 ஆகஸ்டில் ஆல்ஃபர்டு. 1765 ஆகஸ்டில் பணிநீக்கம். 1768இல் சசெக்ஸின் லூயிஸ் நகரம். 1774 ஏப்ரலில் மறுபடியும் பணிநீக்கம். முதல் நீக்கத்துக்கும் லூயிஸுக்கும் இடையில் கார்ன்வாலின் கிராம்பவுண்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்து வேறு இடத்துக்காகக் காத்திருந்தார். கோயில் பதிவேட்டை மட்டும் நம்பினால் 1759இல் சாண்ட்விச்சில் ஒரு கல்யாணமும், 1771இல் லூயிஸில் இன்னொரு கல்யாணமும் கிடைக்கும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகப்படக்கூட இடமுண்டு. நடுவிலுள்ள லிங்கன்ஷயர் முழுவதும் மறைந்துவிடும்.

1765 பணிநீக்கத்தின் காரணம் கவனிக்கத்தக்கது. போகாத இடத்துக்குப் போனதாகவும், பாராத சரக்கைப் பார்த்ததாகவும் ஏட்டில் எழுதிவிட்டார். அலுவலர்களின் பேச்சுவழக்கில் இதற்கு ‘ஸ்டாம்பிங்’ என்று பெயர். மறு ஆண்டு ஜூலை 3ஆம் தேதி திரும்ப எடுத்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். மறுநாளே, இடம் காலியானதும் எடுத்துக்கொள்ளலாம் என்று வாரியம் சம்மதித்தது. ஒரே நாளில் மன்னிக்கிற அளவுக்குத்தான் அந்தக் குற்றத்தின் கனம் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். தன் மூதாதையும் இதே தவறுக்காக வேலை இழந்தார் என்று ஒரு வழித்தோன்றல் பதிவைக் கண்டு திடுக்கிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘மோசடிக்காரர்’ என்று எழுதுவதற்கு முன் இன்னும் சில தொகுதிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நீக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் மறுநியமனம் பல பக்கங்கள் தள்ளி ஒளிந்திருக்கக்கூடும்.

ஒழுங்காக வேலை பார்த்தவரைப் பற்றி வாரியம் எழுத அதிகமில்லை: சேர்ந்தார், மாறினார், ஓய்வு பெற்றார் அல்லது இறந்தார். தவறியவரைப் பற்றித்தான் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். ஆகவே ஆவணம் மிகுந்த மூதாதை கெட்டவர் என்றும், ஆவணம் குறைந்தவர் சோம்பிக் கிடந்தவர் என்றும் தோன்றுவது ஏட்டின் கோணல்.

பணக் கணக்கும் இங்கே சேர்கிறது. லூயிஸில் இருந்தபோது 1772இல் சக அலுவலர்களுக்காகப் பெய்ன் ஊதிய உயர்வு கேட்டு ஒரு விண்ணப்ப நூல் எழுதினார், 4000 பிரதிகள் அச்சாயின, பலனில்லை. ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் வரி முதலியவையும் குதிரைத் தீனியும் போக நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்பதே கால் பென்னிதான் மிஞ்சுகிறது என்று அதில் கணக்குக் காட்டினார். உறவினரிடமிருந்து பிரித்துத் தூர ஊர்களில் போடுவதால் ஆபத்துக்கு உதவ ஆளில்லை என்பதும் அவர் முறையீடுகளில் ஒன்று. குடும்ப மரத்தை வரைகிறவர் படும் அதே அவதியை அன்று அந்தக் குடும்பங்களே பட்டிருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வழி சற்று எளிது. 1820 முதல் 1870 வரையிலான நுழைவுத் தாள்கள் ‘கஸ்ட் 116’இல் உள்ளன. ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று பரிந்துரை: பெயர், வயது, பிறந்த ஊர், மணமானவரா என்பது. மற்றொன்று அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் எழுதியது: எழுத்துப்பிழையின்றி எழுதவும் கணக்குப் போடவும் தெரியும் என்பதற்குச் சான்று. பிறந்த ஊரைச் சொல்லிவிடுவதால், ஏறக்குறைய எல்லாத் தேடலும் இங்கே வந்து உயிர்பெறுகிறது. இன்னொரு குறுக்குவழி 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவரின் பிறந்த ஊரும் உண்டு. ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து ஊர் என்று இருந்தால், தகப்பனார் வேலை பார்த்த இடங்கள் வரிசையாகக் கிடைத்துவிட்டன என்று பொருள். பிள்ளைகளின் வயது ஆண்டையும் சொல்லிவிடும். அந்த ஆண்டுக்குரிய குறிப்பேட்டைத் திறந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: 1849இல் கலால், முத்திரை மற்றும் வரிகள் வாரியத்தோடு சேர்ந்து உள்நாட்டு வருவாய்த்துறை ஆயிற்று. அதன்பின் ‘உள்நாட்டு வருவாய் அலுவலர்’ என்று எழுதியிருப்பவரும் பழைய கலால்காரராகவே இருக்கலாம்.

இடமாற்ற விதிக்கு விலக்கே இல்லையா என்றால் உண்டு. அதை ஸ்காட்லாந்தில் பார்க்கலாம். 1707க்குப் பின் அங்கே தனி வாரியம். அதன் ஆவணங்கள் எடின்பரோவில் உள்ளன, கியூவில் தேடிப் பயனில்லை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் நியமன ஆணை பெற்று, 1789இல் டம்ஃப்ரீஸ் வட்டாரத்தில் வேலையைத் தொடங்கினார். பத்துப் பங்குகள், வாரத்துக்குச் சுமார் 200 மைல் குதிரைச் சவாரி. எலிஸ்லாந்தில் குத்தகைக்கு எடுத்த பண்ணையைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை அது. பிறகு டம்ஃப்ரீஸ் நகரத்திலேயே நடைச் சுற்று. 1796இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்தைவிட்டு நகரவில்லை. ஸ்காட்டிஷ் கலால் ஆணையர்களில் ஒருவரான ராபர்ட் கிரஹாம் அவருக்கு வேண்டியவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விதியை வளைக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு எழுதிய கடிதங்கள் பர்ன்ஸ் கவிஞர் என்பதால் பிழைத்தன. அலுவலர்களின் தகுதியை எழுதிவைத்த ஏட்டிலும் அவர் கவிஞர் என்று குறித்து, வேலையும் பரவாயில்லை என்று மேலதிகாரி எழுதியிருக்கிறார். சாதாரண அலுவலருக்குப் பரிந்து எழுதிய கடிதங்கள் கிடைப்பது அரிது. ஆகவே ஒருவர் ஒரே ஊரில் பத்தாண்டு நிலைத்திருப்பதாகப் பதிவேடு காட்டினால், அவர் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆண்டுகளில் அவருக்கு மேலே யார் மேற்பார்வையாளர், யார் கலெக்டர், வாரியத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கத் தொடங்க வேண்டும்.