சமக்குறிக்குப் பழைய பொருள்

பள்ளிக் கணக்கில் சமக்குறிக்கு ஒரே பொருள்தான்: இரு பக்கமும் ஒன்று. ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் அது கட்டளையானது. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் போடு. இயற்பியல் அமைப்புகளைச் சிமுலேஷன் செய்யும் மொழிகளின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகச் சொல்வார்கள். எனக்கோ அது, சமக்குறி தன் பழைய பொருளை மீட்டுக்கொண்ட வரலாறு. மீட்டுத் தந்தது, எழுதிய நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர். அனலாக் கணினிக் காலத்தில் பொறியாளர்கள் கருவிகளை வயரால் இணைத்தார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் முனை வேறு, வெளியே வரும் முனை வேறு. 1967-இல் சிமுலேஷன் மொழிகளுக்கு சிஎஸ்எஸ்எல் என்ற பொதுத்தரம் வந்த பிறகும் அந்த வயர்களின் பழக்கம் போகவில்லை. வரிகளைக் கணக்கிடும் வரிசையைக் கம்பைலர் அடுக்கிக்கொண்டது. எதிலிருந்து எதைக் காண்பது என்பதை மட்டும் மனிதரே தீர்மானித்து எழுத வேண்டும். ஒரு மின்தடையை மின்னழுத்த மூலத்தோடு இணைத்தால் மின்னோட்டத்தைக் காண வேண்டும். மின்னோட்ட மூலத்தோடு இணைத்தால் மின்னழுத்தத்தை. ஓம் விதி ஒன்றுதான், எழுத வேண்டிய வரி இரண்டு.

1978-இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஹில்டிங் எல்ம்க்விஸ்ட் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த டைமோலா மொழி, சமன்பாட்டைச் சமன்பாடாகவே எழுதவிட்டது. எந்தச் சமன்பாடு எந்த மாறியைத் தரும் என்று பொருத்திப் பார்ப்பது இனி கம்பைலரின் பாடு. ஊசல் போன்றவை அதற்கும் மசியவில்லை. குண்டின் இடத்தைக் கிடை, செங்குத்துத் தூரங்களால் குறித்தால், கம்பியின் நீளம் மாறாது என்ற நிபந்தனையில் முடுக்கமே இராது. பிறகு இழுவிசையை எங்கே பிடிப்பது? நிபந்தனையை இருமுறை வகையிட்டால்தான் பிடி கிடைக்கும். எதை எத்தனை முறை வகையிட வேண்டும் என்று கண்டறியும் வழியை 1988-இல் பான்டெலிடிஸ் தந்தார். 1997-இல் வந்த மாடலிகா என்ற சமன்பாட்டு மொழியின் கம்பைலர்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

தொழிற்சாலைகளில் வென்றது பெட்டியும் அம்பும் கொண்ட சிமுலிங்க் மென்பொருள் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், உணரியிலிருந்து கட்டுப்படுத்திக்குப் போகும் சைகைக்குத் திசை உண்டு, அங்கே அம்பு பொருந்தும். குழாயிலும் பற்சக்கரத்திலும் பொருந்தாது. அதனால்தான் சிமுலிங்கைத் தந்த நிறுவனமே 2007-இல் சமன்பாட்டு வழியில் சிம்ஸ்கேப்பைக் கொண்டுவந்தது. இதைவிடக் கனமான எதிர்வாதம் வேறொன்று: கையால் எழுதியவருக்கு ஒவ்வொரு வரியும் தெரியும், கம்பைலர் உருமாற்றிய கணக்கு யாருக்கும் தெரியாது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உதாரணமாக, மின்சுற்றில் எர்த் போட மறந்தால், கம்பைலர் சொல்லும் பிழை பெரும்பாலும் எர்த்தைப் பற்றி இருக்காது; எங்கோ ஒரு முனையின் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் இருக்கும்.