உறங்குபவரின் மூச்சு

திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கென 1885இல் அதனைத் தொடங்க முன்னின்றவர் மேரி ஷார்லீப் அம்மையார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவர். வலியின்றி அறுவை செய்யும் வழியை ஈதர், குளோரோபாம் ஆகியவற்றால் உலகம் கண்டு அப்போது நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. வலி நீங்கிற்று; ஆனால் மயங்கியவர் சிலர் எழவேயில்லை.

ஏன் எழவில்லை என்ற வினாவை நம் நாட்டிலேயே ஒருவர் தொடுத்தார். நிசாமின் ஐதராபாத்தில் பணியாற்றிய எட்வர்டு லாரி, 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரு ஆய்வுக்குழுக்களை அமைத்து, முதலில் நிற்பது இதயமன்று, மூச்சே என்று முடிவு கூறினார். குளோரோபாமைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. அம்மருந்து இதயத்தையும் திடீரென நிறுத்தவல்லது எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் நாடியைவிட மூச்சையே கவனிக்க வேண்டும் என்ற அவரது பிடிவாதம் வேறொரு மருந்துக்கு அப்படியே பொருந்துகிறது.

அம்மருந்து மார்பின். அபினியிலிருந்து செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தது. பெரிய அறுவைக்குப் பின் எழும் கடும் வலிக்கு அதுவும் அதன் இனத்து மருந்துகளும் இன்றும் உறுதுணை. உடலில் கரியமில வாயு மிகும்போது மூச்சை விரைவுபடுத்துவது மூளையின் அடித்தண்டு. மார்பின் அந்த உணர்வை மழுங்கச் செய்கிறது. முதலில் மிகுந்த அயர்வு; பின்னர் மூச்சு நிமிடத்திற்குப் பத்து, எட்டு எனக் குறையும். முதல் 24 மணி நேரமே பேராபத்து. முதியோர், பருத்த உடலினர், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர், சிறுநீரகம் பழுதானோர், தூக்கமாத்திரையும் சேர்த்து உட்கொள்வோர் ஆகியோருக்கு இன்னும் மிகுதி.

நோயில்பூசுதலுக்காக மருத்துவமனைகளுக்குச் செல்லும் நாம் அடிக்கடி கேட்பதுண்டு: “சாமி, நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார், எழுப்ப வேண்டாம்.” அந்தக் குறட்டை சில வேளை அடைபடும் மூச்சின் ஒலி. தட்டி எழுப்பியும் விழிக்காதவரைப் பற்றிச் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும். நோயாளி தாமே அழுத்தி மருந்து பெறும் பொத்தானை, அன்பு மிகுதியால் உறவினர் அழுத்துவதும் கேடு. உறக்கம் வந்தவர் மேலும் அழுத்தமாட்டார் என்பதே அக்கருவியின் காவல்.

வலியைத் தாங்குவதே புண்ணியம், மருந்தே வேண்டாம் என்போரும் நம்மிடையே உளர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வேறு வழியில்லாதபோது ஆயுள் சுருங்க நேரினும் வலி நீக்கும் மருந்து தகும் என்றார். ஆனால் அது மரணத் தறுவாயில் இருப்போரை முன்னிட்ட சலுகை. குணமடைந்து வீடு திரும்ப வேண்டியவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பாரசிட்டமால், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தால் மார்பினின் அளவே குறையும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு 1974இல் வழிகண்டவர் ஜப்பானியரான தக்குவோ அவோயாகி. கொரோனாக் காலத்தில் அதை அறியாத இல்லமில்லை. எனினும் மூக்கில் பிராணவாயு செலுத்தப்படும் வேளையில், மூச்சு குன்றிய பின்னும் அக்கருவியின் எண் நெடுநேரம் நன்றாகவே தோன்றும். ஆதலால் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்ப்பதும் தேவை.

மூச்சு நின்றுபோகும் நிலையில் நலாக்சோன் என்ற மாற்று மருந்து நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் அதன் ஆற்றல் மார்பினுக்கு முன்னரே தீர்ந்துவிடும். விழித்தவர் மீண்டும் மயக்கத்தில் ஆழலாம். ஆகவே அதனைச் செலுத்திய பின்னரும் சில மணி நேரம் அவரருகில் ஒருவர் அமர்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.