வால்நட்சத்திரமும் ஸ்காலர்ஷிப்பும்

கொடைக்கானல் போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், திரும்பும்போது ஒரு பை சாக்லேட். 1899-ல் அங்கே வந்த சூரிய ஆய்வகத்தை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். அடுத்த முறை போங்கள். 1960-ல் அதற்குத் தலைமையேற்று வந்தவர் வைணு பாப்பு. அவர் கதையில் எனக்குப் பிடித்தது நட்சத்திரம் இல்லை, பணம்!

1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அந்தச் சம்பளத்தில் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்புவதாவது! ஹைதராபாத் அரசு ஸ்காலர்ஷிப் கொடுத்தது. 1949-ல் ஹார்வர்டு போய் இறங்கினார். அதே வருடம் ஜூலையில், வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகட்டில் புதிதாக ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆசிரியர் போக், சக மாணவர் நியூகிர்க் பெயர்களோடு சேர்த்து பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர். 1952-ல் பி.எச்டி. ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்ப்பவனுக்கு மெஸ் பாக்கி ஞாபகம் வந்துகொண்டே இருந்தால் வால்நட்சத்திரமா கண்ணில் படும்?

இதே கொடைக்கானலில் 1984-ல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. ஆராய்ச்சி மாணவிகள் இருக்கிறார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2010-ல் மாதம் 16,000 ரூபாய். 2014-ல் 25,000, 2019-ல் 31,000, 2023-ல் 37,000. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் மாணவர்கள் தெருவில் நின்றார்கள். ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு யு.ஜி.சி. கொடுத்த 8,000 ரூபாய், மத்தியப் பல்கலைக்கழகங்களோடு சரி. அதையும் 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யு.ஜி.சி. வாசலில் மாணவர்கள் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த பிறகுதான் தப்பியது. மாநிலப் பல்கலைக்கழக மாணவிக்கு அந்தச் சண்டையில் இழக்கவும் ஒன்றுமில்லை!

சரி, தொகை கிடைத்தவர்களாவது நிம்மதியா? முன்பெல்லாம் டெல்லியிலிருந்து பணம் பல்கலைக்கழகத்துக்கு வரும். அங்கே ஃபைல் நகர்ந்து மாணவர் கைக்கு வர மாதக்கணக்காகும். பிறகு நேராக வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறை வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 'இவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்' என்று மாதாமாதம் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்ப்பார். இரண்டில் ஒருவர் லீவில் போனால் போச்சு, அந்த மாதப் பணம் அரியர்ஸ். ஹாஸ்டல்காரர் அரியர்ஸ் வரும்வரை காத்திருப்பாரா?

என்னைக் கேட்டால், தாமதமாகும் மாதங்களில் பல்கலைக்கழகமே ஒன்றாம் தேதி முன்பணம் கொடுக்கலாம். அரியர்ஸ் வந்ததும் பிடித்துக்கொள்ளலாம். அரசு ஊழியர்களுக்குப் பண்டிகை முன்பணம் கொடுத்து, தவணையாகச் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதே கணக்குதான். இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதுகூட இல்லை. சிண்டிகேட்டில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.