சேற்றில் இறங்கிய ஜீப்பும் சிறிய வடிகட்டியும்

உருவத்தின் சிறுமை கண்டு எதனையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் பெருமான் பெருந்தேரின் அச்சாணியைச் சான்றாகக் காட்டினார். தேர் போய் மோட்டார் வண்டி வந்த காலத்திலும் அவ்வுண்மை மாறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் வண்டியின் எரிபொருள் வடிகட்டி ஒரு சிறு கிண்ணமே. ஆயினும் அதன் கதையைத் தேடிச் சென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் ஒரு பகுதியும் உடன் வருகிறது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. மலாயாவைப் படைகொண்டு மீட்பதற்குப் பிரிட்டிஷார் ‘சிப்பர்’ எனும் பெயரில் முன்னரே திட்டம் வகுத்திருந்தனர். போர் ஓய்ந்த பின்னரும் அத்திட்டத்தின்படியே செப்டம்பர் 9ஆம் நாள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் 25ஆம் இந்தியப் படைப்பிரிவு இறங்கியது. மேலே மணலாகத் தோன்றிய கரை அடியில் சேறாக இருந்தது. வண்டிகள் பல சக்கரம் புதைந்து நின்றன. சில நீரில் மூழ்கின. எதிர்த்துச் சுடுவதற்குப் பகைவர் இருந்திருப்பின் அந்தக் கரை எத்தனை உயிர்களைக் கொண்டிருக்குமோ! நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13ஆம் நாள், கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானியத் தளபதி இஷிகுரோ, 34ஆம் இந்தியப் படையணித் தளபதி ராபர்ட்ஸ் முன்னிலையில் முறைப்படி சரணடைந்தார். வரலாற்று நூல்கள் இக்காட்சியைக் கூறி அமைதி கொள்கின்றன. சேற்றில் புதைந்த வண்டிகளை மீண்டும் ஓடச் செய்த கைகளைப் பற்றி அவை பேசுவதில்லை.

அப்படைகளுடன் வந்த ஜீப் வண்டி அமெரிக்க நாட்டுப் படைப்பு. வில்லிஸ் நிறுவனமும் போர்டு நிறுவனமும் போர்க்காலத்தில் ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்து குவித்தன. நான்கு உருளைகளும் 60 குதிரைத் திறனும் கொண்ட அதன் இயந்திரம் நான்கு சக்கரங்களையும் உந்தும். 1942இல் மலாயா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகள் ஜப்பானியர் வசமானதும், அமெரிக்காவுக்குக் கிடைத்து வந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நின்று போயிற்று. அந்நாடு செயற்கை ரப்பரை ஆக்கும் பெருமுயற்சியில் இறங்கியது. போரின் இறுதியாண்டுகளில் படைவண்டிகளின் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் அதுவே பயன்பட்டது. கிள்ளான், காஜாங் வட்டாரத் தோட்டங்களில் தமிழன் வெட்டிய பால்மரம் உலகப் போரின் போக்கில் எத்துணை இடம் பெற்றிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி வடிகட்டிக்கு வருவோம். ஜீப்பின் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியில் உள்ளது. அதனின்று புறப்படும் குழாய், இயந்திர அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்ட வடிகட்டியை அடைகிறது. அங்கிருந்து பம்புக்கும், பின்னர் கார்புரேட்டருக்கும் செல்கிறது. கார்புரேட்டரின் துளைகள் மிக நுண்ணியவை. ஒரு மணல் துகள் அடைத்துக்கொண்டால் வண்டி மேட்டில் திணறும். நீர்த்துளி புகுந்தால் இயந்திரம் விக்கி நின்றுவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இவ்விடர் மிகுதி. பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிர்ச்சியில் நீராவி துளியாகப் படியும். அது தொட்டியின் இரும்பில் துருவை வளர்க்கும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைக்கும் வழக்கம் ஏற்பட்டதன் காரணம் இதுவே.

வடிகட்டியின் அமைப்பு எளிது. அதன் அறிவோ வியப்பிற்குரியது. கிண்ணத்தினுள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளுக்கிடையே உள்ள மயிரிழை போன்ற இடைவெளியில் பெட்ரோல் மட்டும் நுழையும். துருவும் தூசும் வெளியே நின்றுவிடும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலின் அது கிண்ணத்தின் அடியில் தங்கும். அடியிலுள்ள திருகைக் கழற்றினால் அழுக்கு நீர் வடிந்துவிடும்.

அதனைத் துப்புரவு செய்யும் முறையிலும் ஒழுங்கு உண்டு. இயந்திரம் ஆறிய பின்னரே கை வைத்தல் வேண்டும். மின்கலத்தின் இணைப்பை நீக்குதலும், அருகில் நெருப்பு இன்மையை உறுதி செய்தலும் முதற் கடமைகள். பின்னர் அடித்திருகைக் கழற்றிக் கிண்ணத்தை வடித்து, மேல்திருகைத் தளர்த்திக் கிண்ணத்தையும் தகட்டு அடுக்கையும் எடுத்தல் வேண்டும். தகடுகளைச் சுரண்டலாகாது, வளைந்தால் இடைவெளி கெட்டுவிடும். தூய கரைப்பானில் அலசி உலர்த்துதலே முறை. பழைய அடைப்பு வளையத்தை நீக்கிப் புதியதை இடுதல் வேண்டும். திருகை மிகையாக முறுக்கினால் வளையம் நசுங்கும்; குறைவாக முறுக்கினால் பெட்ரோல் கசியும். இறுதியில் இயந்திரத்தை ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று கண்ணால் பார்த்தறிதல் வேண்டும். கடல்நீர் புகுந்த வண்டியாயின் இவ்வளவு மட்டும் போதாது. தொட்டியையும் குழாய்களையும் முழுவதும் வடித்துக் கழுவிய பின்னரே இயக்க முடியும்.

இத்தகைய பணிகளைச் செய்தவர் யாவர்? இந்தியப் படையில் 1943ஆம் ஆண்டு மின்-இயந்திரப் பொறியியல் படை தனித் துறையாக அமைக்கப்பட்டது. அதன் தொழில்நுட்ப வீரர்கள் போர்க்களத்தின் பின்னே பட்டறை விரித்தவர்கள். மலாயாவிலோ தொழிலறிவு மிக்க தமிழர் முன்னரே இருந்தனர். பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூல் இரயில் பட்டறையிலும் தலைமுறை தலைமுறையாக இரும்போடு பழகிய கைகள் அவை. 1945 தொடக்கத்தில் செந்தூல் பட்டறை நேச நாட்டு விமானங்களின் குண்டுக்கு இலக்காயிற்று. பெட்ரோல் அரிதாகிய ஜப்பானியர் காலத்தில் கரிவாயுவால் வண்டிகள் ஓடின. அவ்வாயுவினின்று சாம்பலையும் பிசினையும் வடித்தெடுக்காவிடில் இயந்திரம் கெட்டுப்போகும். வடித்தல் என்பது தோட்டத் தமிழனுக்கும் புதிதன்று. மரத்தினின்று கொணர்ந்த பாலைச் சல்லடையில் வடித்துப் பட்டையும் இலையும் நீக்கிய பின்னரே அமிலம் சேர்த்து உறைய வைப்பர். சல்லடை பழுதானால் தாளின் தரம் தாழும்.

இன்று பழைய படைவண்டிகளைப் பேணுவோர் ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். தகட்டு அடுக்கை அப்படியே வைத்துக் கழுவிப் பயன்படுத்துவதா? தேய்ந்து போயின், காகிதம் கொண்ட புதிய வடிகட்டியைப் பொருத்துவதா? பழமையே பெரிதென்பார், மாற்றினால் வண்டியின் மெய்ம்மை போயிற்று என்பர். பாதுகாப்பே பெரிதென்பார், தீப்பிடித்து எரிந்த பின் எந்த மெய்ம்மை எஞ்சும் என்பர். இருசாராரும் கூறுவது நியாயமே. ஆயினும் வழி இல்லாமற் போகவில்லை. ஓடும் வண்டிக்குப் புதிய வடிகட்டியைக் குழாயை வெட்டாமல் பொருத்தலாம். பழையதைத் துடைத்து, எண்ணெயிட்டு, பெயரும் நாளும் எழுதிப் பெட்டியில் காக்கலாம். நாளை வேண்டுமாயின் மீண்டும் அதன் இடத்திலேயே வைக்க இயலும். எதைச் செய்தாலும் செய்ததை எழுதி வைத்தல் வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

ஏனெனில், எழுதி வைக்கப்படாமையே நம் இனத்தின் பேரிழப்பாகும். ஜீப் வண்டிக்கு 1944ஆம் ஆண்டு அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட கையேடு உண்டு. அதில் ஒவ்வொரு திருகுக்கும் இடம் உண்டு. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தோட்டத் தமிழருள் பல்லாயிரவருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஒரு திருகிற்குக் கிடைத்த மதிப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைக் கருதிப் பார்த்தல் நலம். பட்டறையில் பணியாற்றிய பாட்டனார் இன்னும் சில இல்லங்களில் உள்ளனர். அவர்தம் கருவிகளின் பெயர்களையும், வேலை கற்ற வகையையும், உடன் உழைத்தோர் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். காலம் என்னும் ஓட்டத்தில் அழுக்கும் வரும், அமுதும் வரும். அமுது வழிந்தோடிப் போகாமல் காப்பது நம் கையிலுள்ள ஏடே.